அப்பாவுக்கு வராத காமாலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு வால்வு செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று பெயர். உண்மையில் புகார் வாங்கும் பிரிவு. நாங்கள் அனுப்பிய பெட்டியில் ஒரே ஒரு வால்வு கசிந்தாலும் வாங்கினவரின் போன் என் மேசையில்தான் அடிக்கும். திட்டுவார், வாங்கிக்கொள்வேன். மறுநாளுக்குள் அவருக்குப் பதில் போயாக வேண்டும். பதிலின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: தவறு எங்களுடையது. அதற்குப் பிறகு ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுதுவோம். ஏன் கசிந்தது? ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை? இப்படியே தோண்டிக்கொண்டு போனால் ஐந்தாவது ஏனில் வேலை எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். யார் மேலும் பழி போடுவதற்கு அல்ல, மறுபடி நடக்காமல் இருப்பதற்கு.

பல வருடமாக இதையே செய்து பழகிவிட்டதால், புகார் என்று ஒன்று போனால் பதில் என்று ஒன்று வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வக்கீல் ஆபீசுக்குப் புகார் கொடுக்கப் போனேன். அந்த நம்பிக்கையைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில் இருக்கிறது. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வாழ்நாளில் முக்கால்வாசியைக் குவார்ட்டர்ஸில் கழித்துவிட்டு, ஓய்வு பெறும் நேரத்தில் இங்கே ஒரு மனை வாங்கினார். ரோட்டை ஒட்டிய மனை வாங்க வசதி இல்லை, பின்மனைதான் அமைந்தது. முன்மனை, இந்த ஊரிலேயே பரம்பரையாகப் பயிர் செய்துவந்த ஒரு குடும்பத்துடையது. அவர்கள் சுவரை ஒட்டி ஓர் ஆட்டோ நுழையும் அகலத்துக்கு ஒரு சந்து. ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்கு அது ஒன்றுதான் வழி. பின்பக்கம் கால்வாய். அதன்மேல் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. நான் தாண்டிவிடுவேன், அப்பாவால் முடியாது. பக்கவாதம் வந்து அவருடைய இடது கால் பாதி போய்விட்டது. மூன்று சக்கர ஸ்கூட்டரில்தான் வெளியே போவார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முன்வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரிக்கும்போது, அந்தச் சந்தும் தங்கள் மனைக்குள்தான் வருகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். சண்டை என்று சொல்ல முடியாது. கேஸ் போட்ட பிறகும் அவர் வீட்டுப் பொங்கல் எங்களுக்கு வந்தது, எங்கள் வீட்டு முறுக்கு அவர்களுக்குப் போனது. அப்பா மட்டும் பயந்துபோனார். சந்தை அடைத்துவிட்டால் தன்னை யாராவது தூக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார்.

எங்களுக்கு யாரோ கை காட்டிய வக்கீல் ஆபீஸ் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கிளை உண்டு என்று போர்டில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். படி ஏறும்போதே பப்ஸ் வாசனை கூடவே வரும். உட்காரும் இடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாசகம்: குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நிறை இருந்தால் பிறரிடம் சொல்லுங்கள். ஹோட்டலில் தொங்க வேண்டியது வழி தவறி இங்கே வந்துவிட்டதென்று அப்போது சிரித்தேன். அதற்குக் கீழே பூட்டுப் போட்ட ஒரு பெட்டியும் இருந்தது. ஹோட்டலில் சாப்பாடாவது போடுவார்கள்.

ஆபீஸின் தலைவரை எல்லோரும் சீனியர் என்பார்கள். நல்ல உயரம், நல்ல குரல். முதல் நாளே அப்பாவுக்குப் பாடம் எடுத்தார்.

“ஐயா, நீங்க கோர்ட்டுக்கு வரணும்னு அவசியமே இல்ல. வந்தா வெளியில பெஞ்ச்ல உக்காருங்க. பேரைக் கூப்பிட்டாக்கூட வாயத் தெறக்காதீங்க. கட்சிக்காரங்க உள்ள வந்து எதையாவது ஒளறி, நல்லா இருக்கற கேஸைக் கெடுத்துடறாங்க. எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்.”

அப்பா தலையாட்டினார். தொழிற்சாலையில் மேலதிகாரி சொன்னதை மறுகேள்வி கேட்காமல் செய்தே பழகிய மனிதர். வாயைத் திறக்காதே என்றால் திறக்க மாட்டார். இது அந்த சீனியருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் இதனால் ஒரு விபரீதம் வரும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஒரு வாய்தா நாளில் நான் வேலைக்குப் போய்விட்டேன். அப்பா தன் ஸ்கூட்டரில் அம்பத்தூர் கோர்ட்டுக்குப் போனார். வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் கேஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் வக்கீலைக் காணவில்லை. உள்ளிருந்து வந்த ஊழியர் வாசலில் நின்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். அப்பாவுக்கு நன்றாகக் கேட்டது. தன் பெயர் காதில் விழுந்தும், ஜூனியர் வருகிறாரா என்று கேட் பக்கமே பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தார். ஊழியர் உள்ளே போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஜூனியர் ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். உள்ளே போய்த் திரும்பி, “வாய்தா போட்டுட்டாங்க ஐயா, நீங்க கெளம்புங்க, நாங்க சொல்றோம்” என்றார். அப்பா வீட்டுக்கு வந்து, சாதம் போட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

வாய்தா போடவில்லை. எங்கள் தரப்பில் யாரும் வரவில்லை என்று குறித்து, அடுத்த தேதியில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் கொடுத்துவிட்டார்கள். இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? ஒரு நாள் முன்வீட்டுக்காரர் சந்து வாசலில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கேட் போடப் போகிறாராம். நான் கேட்டதும் அவர்தான் சங்கடப்பட்டார்.

“இன்னாம்மா, உனுக்குத் தெரியாதா? தீர்ப்பு வந்து ஒரு வாரம் ஆவுது. உங்க பக்கத்துல யாரும் வர்லன்னு எங்க வக்கீலு சொன்னாரு. நான் கோர்ட்டுக்கே போவல. நீங்களே விட்டுக் குடுத்துட்டீங்கன்னு நென்ச்சிகினு இருந்தேன்.”

“சந்தை அடைச்சா அப்பா எப்படிங்க வெளிய வருவாரு?”

“அதான் எனுக்கும் ரோசனையா கீது,” என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அளவு எடுக்கவில்லை.

இப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கச் சொல்லி ஒரு மாதத்துக்குள் மனு போடலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேராக வக்கீல் ஆபீஸ் மாடி ஏறினேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் மேலாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். காதில் எப்போதும் போன் மாட்டியிருப்பார். யாரோடு பேசுகிறார், நம்மோடா போனோடா என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

“சார் கோர்ட்ல இருக்காரு மேடம்.”

சாயங்காலம் போனேன். “சார் கான்பரன்ஸ்ல இருக்காரு மேடம்.” கான்பரன்ஸ் அறையின் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே சீனியர் எக் பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை மேலாளரும் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

“புகார்னா சனிக்கெழமை சாயங்காலம்தான் மேடம் கேப்போம். கட்சிக்காரங்களுக்குன்னே அந்த நேரத்தை ஒதுக்கி வெச்சிருக்கோம்.”

சனிக்கிழமை அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். எனக்கு முன்னால் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் மகளுடைய விவாகரத்து வழக்குத் தேதியைக் கேட்க மூன்றாவது சனிக்கிழமையாக வருவதாகச் சொன்னார். மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “உங்க விஷயத்துக்கு ஜூனியர் சார் வந்து பதில் சொல்லணும். அவரு இன்னைக்கு லீவு. அடுத்த சனிக்கெழமைக்கு வெச்சுக்கலாமா?” என்றார்.

என் புகாருக்கு வாய்தா போடுகிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. “நான் கேஸ் நடத்த வரல, கேஸை நீங்க கோட்டை விட்டதைச் சொல்ல வந்திருக்கேன்” என்று கத்தியது நினைவிருக்கிறது. ஐயப்பன்தாங்கல் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் வாய்தா நாளன்று காலை அந்த ஜூனியரைப் பூந்தமல்லி கோர்ட்டில் பார்த்ததாகவும், மூன்று ஊருக்கும் அவர் ஒருவர்தான் என்றும் காதோடு சொன்னார். மேலாளர், “எழுத்து மூலமாக் குடுத்துடுங்க மேடம், அப்பதான் நாங்க நடவடிக்கை எடுக்க முடியும்” என்றார்.

எழுத்து மூலமாகவா? அது என் தொழில். அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். கம்பெனியில் எழுதுகிற மாதிரியே ஐந்து ஏன். எங்கள் தரப்பில் ஏன் யாரும் இல்லை? ஜூனியர் வரவில்லை. ஏன் வரவில்லை? அதே காலையில் பூந்தமல்லி கோர்ட்டில் வேறு கேஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஏன் இரண்டும் ஒரே ஆளிடம்? மூன்று ஊர்க் கேஸையும் ஒரே ஜூனியர் பைக்கில் ஓடி ஓடிப் பார்க்கிறார். கட்சிக்காரர் ஏன் பதில் சொல்லவில்லை? வாயைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். எங்களிடம் ஏன் உடனே சொல்லவில்லை? இதற்கு எனக்குப் பதில் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசியில், சண்டை போட வரவில்லை, தவறை ஒப்புக்கொண்டு அதைக் கோர்ட்டில் சொல்லி எங்கள் வழியைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நன்றாக இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதரால் மறுப்புச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்துக் கம்பெனி கேண்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது பதில் மெயில் வந்தது. எங்கள் புகாரில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்யானவை, கற்பனையானவை, உள்நோக்கம் கொண்டவை. இதில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தையும் தக்க சாட்சியத்துடன் நாங்களே நிரூபிக்கக் கடமைப்பட்டவர்கள். பத்தி பத்தியாக மறுத்துக்கொண்டே போயிருந்தார்கள். முதல் பத்தியில் நான், அப்பா உங்கள் கட்சிக்காரர், கள்ளிக்குப்பத்தில் குடியிருக்கிறார் என்று எழுதியிருந்தேன். அதையும் மறுத்திருந்தார்கள். அவர் கட்சிக்காரரும் இல்லை, கள்ளிக்குப்பத்தில் குடியிருக்கவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மிளகாயைக் கடித்துவிட்டேனா என்று கேட்டார்கள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மாடி ஏறினேன். இந்த முறை மேலாளர் வாயைத் திறப்பதற்குள் நேராக உள்ளே போய்விட்டேன். சீனியர் எழுந்து வரவேற்றார். உட்காரச் சொன்னார். மெயிலைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“மேடம், இதுக்கா கோவப்படறீங்க? புகார்னு வந்தா எங்க பசங்களுக்கு கை தானா இப்படித்தான் அடிக்கும். மொதல்ல மொத்தமா மறுத்துடணும். மறுக்கலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

“எங்க அப்பா உங்க கட்சிக்காரர்தானே சார்?”

“அதுல என்ன சந்தேகம்? அதுக்குத்தானே வழி பண்ணி வெச்சிருக்கேன்” என்று ஒரு பிரமாணப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். தீர்ப்பை நீக்கக் கேட்கும் மனுவோடு அப்பா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய உறுதிமொழி. அன்றைய தேதியில் தான் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்ததாகவும், நாட்டு வைத்தியம் பார்த்துவந்ததால் கோர்ட்டுக்கு வரவோ வக்கீலைத் தொடர்புகொள்ளவோ முடியாமல் போனதாகவும் அப்பா சத்தியம் செய்திருந்தார். ஓரிடத்தில், “என் கணவர்தான் என்னைக் கவனித்துக்கொண்டார்” என்றும் இருந்தது. யாரோ ஓர் அம்மாவின் காமாலையை எடுத்து அப்படியே அப்பாவுக்கு மாற்றியிருந்தார்கள்.

“அப்பாவுக்குக் காமாலை வந்ததே இல்ல சார். அன்னைக்கு அவரு கோர்ட் வாசல்லதான் இருந்தாரு.”

“இருந்தாரு மேடம். ஆனா ரெக்கார்டுல இல்லையே.”

“உங்க ஜூனியர் வரலைன்னு எழுதுங்க. அதுதானே நடந்தது?”

சீனியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் எரிச்சல்படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு சொன்னார். “என் பையன் வரலைன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அடுத்த வாரம் அதே கோர்ட்ல நான் எந்த மொகத்தோட நிப்பேன்? காமாலைன்னா யார் மேலயும் தப்பு இல்ல. காமாலைக்கு ஆஸ்பத்திரி ரசீதும் கேக்க மாட்டாங்க, கீழாநெல்லி சாப்பிட்டேன்னா முடிஞ்சு போச்சு. நான் தொழிலுக்கு வந்த நாள்லேருந்து எத்தனை பேருக்கு இதைப் போட்டிருக்கேன் தெரியுமா? ஒருத்தர் வழக்கும் கெட்டதில்ல.”

கணவர் என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்து, “மகள்” என்று திருத்திக் கொடுத்தார். அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரே பிழை அதுதான்.

நான் கையில் வாங்காமல் வந்துவிட்டேன். வேறு வக்கீலைப் பார்ப்போம் என்று ஆவடியில் ஒரு பெண் வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால், பழைய வக்கீல் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அவரால் எடுத்து நடத்த முடியும் என்றார். ஓ.டி.க்குப் போன் போட்டுக் கேட்டேன். மேலாளர், “தாராளமா வாங்கிக்கோங்க மேடம். எங்க சேவையில எந்தக் குறையும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, சார் உடனே கையெழுத்துப் போட்டுடுவாரு” என்றார். இதை ஆவடி வக்கீலிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “எழுதிக் குடுத்து வாங்கிட்டு வாங்களேன். எப்படியும் நானும் காமாலைன்னுதான் போடணும். உண்மையை எழுதினா அதை நிரூபிக்கவே வருஷக் கணக்கா ஆயிடும்” என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வக்கீல்கள்மேல் மட்டும் இல்லை. ஒரு வால்வுக்குக் கிடைக்கிற நியாயம்கூட என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது. மாதக் கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. நானோ பொய்யில் கையெழுத்துப் போட விட மாட்டேன் என்று வீட்டில் குதித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது அப்பா ஒரே ஒரு தடவை மட்டும், “அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா வழி கெடச்சிருமா?” என்று கேட்டார். நான் அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போனதும் அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓ.டி.க்குப் போயிருக்கிறார். அவரால் மாடி ஏற முடியாது. பேக்கரி வாசலில் நிறுத்தி ஆபீஸுக்குப் போன் செய்திருக்கிறார். மேலாளரே பத்திரத்தோடு கீழே இறங்கி வந்து, ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவருக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆபீஸ் எங்களுக்குத் தாமதம் இல்லாமல் செய்த ஒரே சேவை.

சாயங்காலம் அப்பாவே சொன்னார். நான் கத்தினேன். “நீங்க அங்கதான இருந்தீங்க? கால இழுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் போனீங்கல்ல? அது எல்லாத்தையும் இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க.”

“இருந்தேன்தான். எனக்குத் தெரியும்லா. ஒனக்குத் தெரியும். அது போதும்மா. நாளைக்குச் சந்தை அடைச்சுட்டான்னா, ஒன் நியாயத்துல ஏறியா நான் வெளிய போவேன்?”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதை அப்பா யோசித்திருக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்வீட்டு அம்மா சந்து வழியாக வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கட்டு கீழாநெல்லி. மண்கூட உதறாமல் கொண்டு வந்திருந்தார்.

“இன்னாம்மா நீ, அண்ணாச்சி காமாலை வந்து படுத்துகினு இருந்தாராமே, ஒரு வார்த்த சொல்லல. கோர்ட்டு காயிதம் வந்துதான் எங்களுக்கே தெரியுது. கேஸு ஒரு பக்கம் கெடக்கட்டும், பக்கத்தூட்லதான கீறோம்? நீயும் வேலைக்குப் போய்ட்ற. ஒரு கஞ்சி வெச்சிக் குடுக்க மாட்டேனா நான்?”

திருநெல்வேலிக்காரர் என்பதால் தெருவுக்கே அப்பா அண்ணாச்சிதான். அவர் அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடியில் வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

“நான் அப்பவே நென்ச்சேன் அண்ணாச்சி. அப்ப உங்க மொகமே மஞ்சப் பூத்துகினு இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரராண்ட கூடச் சொன்னேன். இத்த அரைச்சி மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிங்க. எண்ணெ, காரம் எதையும் தொடாதீங்க. காமாலை போன மாரியே இருக்கும், திரும்ப வந்துரும்.”

அவர் போன பிறகு அந்தக் கட்டை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குப்பையில் போடப் போனேன். அப்பா வேண்டாம் என்றார். அரைக்கச் சொன்னார். மோரில் கலந்து கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் குடித்தார். மறுநாளும் குடித்தார். கட்டு தீரும்வரை தினமும் காலையில் குடித்துவிட்டு, தோசைக்கு மிளகாய்ப்பொடிகூடத் தொடாமல் வெறுமனே சாப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கல்லிலிருந்து தோசையை எடுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள்ளேயே நின்றுகொள்வேன்.

விசாரணை அன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். முன்வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பவில்லை என்றார். உடம்புக்கு முடியாமல் கிடந்த மனிதரை ஏமாற்றி வாங்கிய மாதிரி ஒரு தீர்ப்பு தனக்கு வேண்டாம், கேஸை முறையாகவே நடத்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தாராம். எங்கள் ஜூனியர் என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார், ஏதோ தான் வாதாடி வென்ற மாதிரி.

நீதிபதி சின்ன வயதுப் பெண். காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். பிறகு, “இப்ப உடம்பு எப்படி இருக்கு ஐயா?” என்று கேட்டார்.

இந்தக் கேஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அப்பாவிடம் யாரும் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் உட்காரவில்லை. சட்டையின் மேல் பித்தானைத் தடவிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. சொல்லட்டுமே என்றும் இருந்தது.

“இப்ப பரவால்லீங்கம்மா,” என்றார். குரல் எழும்பவே இல்லை.

“உடம்பைப் பாத்துக்கோங்க,” என்று நீதிபதி சொன்னார். தீர்ப்பை நீக்கியாயிற்று. வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும், அதுவரை சந்தை யாரும் அடைக்க மாட்டார்கள். எல்லாம் நாங்கள் உள்ளே போய்ச் செருப்பு ஓசை அடங்குவதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்து அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மேலாளரிடமிருந்து போன்.

“வாழ்த்துகள் மேடம்! சார் சொன்ன மாதிரியே ஆச்சு பாத்தீங்களா? அப்புறம், உங்க கம்ப்ளெயின்ட் ஒண்ணு இங்க ஓப்பன்ல இருக்கு. குறை தீர்ந்துடுச்சுன்னு ஒரு பதில் மெயில் போட்டுட்டீங்கன்னா நாங்க முடிச்சுடுவோம்.”

நான் போனை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வக்கீல்கள்மேல் வரும் புகாரை விசாரிக்க ஒரு கவுன்சில் இருக்கிறது, அங்கே எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வழிதான் கிடைத்துவிட்டதே, இனி எதற்குப் பயப்பட வேண்டும்? கேஸை நடத்தக் கொடுத்தால் கோட்டை விடுவது, கேட்டால் வாய்தா போடுவது, எழுதிக் கொடுத்தால் ஆளே எங்கள் ஆள் இல்லை என்பது, கடைசியில் நம் கையாலேயே பொய்யை எழுதி வாங்கிக்கொள்வது. ஒன்று விடாமல் எழுதப் போகிறேன் என்றேன். முதல் வரியை அடிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எழுதுறதுன்னா எழுதும்மா, நான் வேண்டாங்கல. ஆனா அன்னைக்கு நான் கோர்ட்டுக்கே வரலைன்னு நானே சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன். இனி அவங்கதான் வரலைன்னு நீ யாருகிட்ட போய்ச் சொல்லுவ?”